திருவிழா மேடைக்கு ஒரு குச்சி, பூசைக்கு ஒரு குச்சி

தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் திருவிழா ஜூலையில் வரும், கச்சான் காற்று போட்டுத் தாக்குகிற நேரம். ஒரு வருஷம் அந்தப் பக்கத்து மேடை ஒன்றில் நான் டிரம்ஸ் வாசித்தேன். திறந்தவெளி, பக்கத்தில் கடல், டிரம்ஸுக்கு மொத்தம் இரண்டே மைக். ஒன்று காலால் மிதிக்கிற பேஸ் டிரம்முக்கு, இன்னொன்று பொதுவாக மேலே தொங்கும். என் கையில் இருந்த குச்சி 7ஏ, கடையில் சாதாரணமாகக் கிடைப்பதிலேயே மெலிந்த ரகம். முதல் பாட்டிலேயே கீபோர்டுகாரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், ஸ்னேர் (நடுவில் வைத்து அடிக்கிற டிரம்) அவர் காதுக்கே போகவில்லை. நானும் விடாமல் ஓங்கி ஓங்கி அடித்து, நான்காவது பாட்டில் தோள்பட்டை கழன்று விழாத குறை. அந்தக் கடுப்பில் மறுவாரமே அதைவிடத் தடியான 5பி ஒரு ஜோடி வாங்கி, அதையே ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் கோயில் உயரமான கூரை, வெறும் சிமெண்டுச் சுவர், ஒரு தட்டு தட்டினால் அது நாலு முறை திரும்பி வரும். வருகைப் பாடல் முடிவதற்குள் ஃபாதர் பீடத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தார். காணிக்கைப் பாட்டுக்குப் பாடகர் குழு அக்கா வாயைத் திறக்காமலே கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

குச்சி இரண்டுமே நல்ல குச்சிதான். இடம்தான் மாறிப்போச்சு.

எந்த ஸ்டிக் வாங்கலாம் என்று கேட்கிற தம்பிகள் எல்லோரும் "நான் ராக் வாசிப்பேன்", "நான் குத்து வாசிப்பேன்", "எனக்கு மெலடிதான் அண்ணே" என்று ஆரம்பிக்கிறார்கள். கடைக்காரரும் அதையேதான் கேட்பார். என்னைக் கேட்டால் முதல் கேள்வி எங்கே வாசிக்கிறாய், மைக் உண்டா இல்லையா என்பது. பாணி இரண்டாவதுதான், ஏனென்றால் நம் பக்கம் ஒரே ஆள் காலையில் பூசையில் உட்கார்ந்து மெதுவாக வாசிப்பான், சாயங்காலம் மண்டபத்தில் கல்யாண வரவேற்பு, ராத்திரி கொடியேற்றத்துக்கு மேடைக் கச்சேரி. இவனுக்கு என்ன பாணி என்று எழுதுவது?

சரி, எண்ணுக்கு வருவோம். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது நான்கு ரகம்: 7ஏ, 5ஏ, 5பி, 2பி. எண் குறையக் குறையக் குச்சி தடிக்கும் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். எழுத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் லட்விக் கம்பெனி காலத்து வழக்கம் அது. எஸ் என்றால் தெருவில் நடந்துகொண்டே வாசிப்பதற்கு, பி என்றால் பேண்டுக்கு, ஏ என்றால் ஆர்கெஸ்ட்ராவுக்கு. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓ-தானே வரவேண்டும் என்றால், அச்சில் பார்க்க ஓ-வைவிட ஏ நன்றாக இருந்ததால் வில்லியம் லட்விக் அதை வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். இன்றைக்கு அந்தப் பிரிவுக்கு அர்த்தம் ஒன்றுமில்லை, ஏ மெலிசு, பி தடி, அவ்வளவுதான். எஸ் ரகம் மட்டும் இன்னும் தெருவுக்குத்தான். பேண்ட் செட்டில் சைடு டிரம் வாசித்துப் பழகிய பையன்கள் சிலர் அந்தத் தடிக் குச்சியோடு அப்படியே டிரம்ஸ் கிட்டில் வந்து உட்காருகிறார்கள், ஹை-ஹாட் (காலால் திறந்து மூடுகிற ஜோடி சிம்பல்) பாவம்.

அளவைச் சொல்கிறேன். விக் ஃபர்த் கம்பெனியின் அமெரிக்கன் கிளாசிக் வரிசையில் 7ஏ சுமார் 13.7 மில்லிமீட்டர் தடிமன், 15½ அங்குல நீளம். 5ஏ 14.4 மில்லிமீட்டர், 16 அங்குலம். 5பி அதே நீளம், தடிமன் 15.1. 2பி 16 மில்லிமீட்டர், 16¼ அங்குலம். படித்தால், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எடை தடிமனோடு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கத்தோடு ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே மரம் என்றால், 7ஏ-யிலிருந்து 5ஏ-க்குப் போகும்போது பத்து சதவீதத்துக்கு மேல் கனம் கூடுகிறது, 5ஏ-யிலிருந்து 5பி-க்கு இன்னொரு பத்து, 7ஏ-யையும் 2பி-யையும் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய நாற்பது சதவீதம். ஒரு பாட்டுக்கு ஹை-ஹாட்டில் மட்டும் எத்தனை நூறு தட்டு தட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள், அந்தக் கனம் எல்லாம் மணிக்கட்டில்தான் வந்து சேரும்.

இன்னொரு வம்பு, 5ஏ என்று எழுதியிருந்தால் எல்லாக் கம்பெனியிலும் ஒரே அளவு என்று நினைக்கக் கூடாது. புரோமார்க்கின் சாதாரண 5ஏ சுமார் 14 மில்லிமீட்டர்தான், விக் ஃபர்த்தைவிடக் கொஞ்சம் மெலிசு. அதனால் நண்பன் 5ஏ வைத்திருக்கிறான், நன்றாக இருந்தது என்று வேறு கம்பெனி 5ஏ வாங்கி, கையில் உட்காரவில்லையே என்று புலம்ப வேண்டாம். எண்ணை மட்டும் கேட்காமல் கம்பெனிப் பெயரையும் கேட்டுவையுங்கள்.

இப்போது யாருக்கு எது. 7ஏ கோயிலுக்கும் சின்ன அறைக்கும், பாட்டுக்காரர் குரல் மேலே நிற்க வேண்டிய இடத்துக்கும். ஸ்னேரில் மெல்லிய தட்டுகள் அழகாக விழும், ரைடு சிம்பலில் புள்ளி புள்ளியாகக் கேட்கும். சின்னப் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் 7ஏ-தான் என்று சில வாத்தியார்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்து வயதுக் கைக்குச் சரி. பதினைந்து வயதில் எவர் கையும் 5ஏ-யைத் தாங்கும். 5ஏ எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிற குச்சி, ஒன்றிலும் முதல் மதிப்பெண் வாங்காது, எதிலும் ஃபெயிலும் ஆகாது. 5பி மேடைக்கு. மைக் குறைவான திறந்தவெளி, குத்துப்பாட்டு, ரிம்ஷாட் (தோலும் விளிம்பும் சேர்த்து அடிக்கிற அடி) அதிகம் விழுகிற ஆறு-எட்டுத் தாளம், இதற்கெல்லாம் 5பி தானாகவே சத்தம் கொடுக்கும், நாம் தோளைப் போட்டு உழைக்க வேண்டியதில்லை. 2பி-யை நான் கச்சேரிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பர் பேடில் பயிற்சி செய்ய வைத்துக்கொள்ளலாம், அதுவும் அளவாக. கனமான குச்சியில் பழகினால் லேசான குச்சியில் வேகம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. வேகம் குச்சி துள்ளுவதை விரல் பிடித்துக்கொள்வதில் வருகிறது, தடிக் குச்சியின் துள்ளல் வேறு, மெலிசின் துள்ளல் வேறு.

இங்கே நம் ஊர் விஷயம் ஒன்று. என்னிடம் கேட்கிற பையன்களில் பாதிப் பேர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர்களுக்குப் பயிற்சிக்கு நேரம், அந்த இரண்டு மாதமும் கோயில் மண்டபத்தில் கூட்டம். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை, பிடித்தால் உடும்புப் பிடி. அந்தக் கைக்கு 2பி-தான் பொருத்தம் என்று அவர்களே முடிவு செய்து வாங்கிவிடுவார்கள். ஆனால் பலமான கைக்குக் கனமான குச்சி கொடுத்தால் இன்னும் இறுக்கித்தான் பிடிப்பான். குச்சி உள்ளே துள்ள இடமில்லாமல் அடியின் அதிர்ச்சி முழுக்க முழங்கை வரை ஏறும், மூன்றாம் நாள் "அண்ணே கை விறுவிறுங்குது" என்று வருவான். பெரிய கைக்குத் தேவை பிடிக்கத் தடிமன், அதற்காகக் கனமும் வேண்டும் என்று இல்லை. அதற்குத்தான் மேப்பிள் மரம் இருக்கிறது.

மரத்தில் முக்கியமாக மூன்று: ஹிக்கரி, மேப்பிள், ஓக். ஹிக்கரி அமெரிக்காவில் கோடாரிக் காம்புக்கும் சுத்தியல் காம்புக்கும் போடுகிற மரம். கனமும் உண்டு, வளைந்தும் கொடுக்கும், அடியின் அதிர்ச்சியைத் தன்னிடமே வாங்கிக்கொள்ளும். சந்தையில் பெரும்பாலான குச்சி இதுதான். மேப்பிள் லேசு, அதனால் 5பி தடிமனில் மேப்பிள் வாங்கினால் கை நிறையப் பிடிக்கலாம், கனம் 5ஏ பக்கம்தான் இருக்கும். குறை என்னவென்றால் ரிம்ஷாட் போடுகிறவன் கையில் அது சீக்கிரம் போய்விடும். ஓக் மூன்றிலும் கனம், நெருக்கமான மரம். ஹூஸ்டனில் 1957-இல் தொடங்கிய புரோமார்க் கம்பெனி பெயர் வாங்கியதே ஜப்பான் ஓக் குச்சியில்தான். தேய்மானம் குறைவு, ஆனால் அடி கையில் தெரியும். என் கைக்கு ஒத்துவரவில்லை, எங்கள் குழுவில் ஆக்டோபேட் (தட்டினால் மின்னணு ஒலி தருகிற ரப்பர் பேட்) வாசிக்கிற மச்சானுக்கு ஓக்கைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது.

நான்காவது மரம் ஒன்றும் உண்டு. சிரிக்காதீர்கள், சீமைக்கருவேலம். ராமநாதபுரம் மாவட்டத்தில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் அதற்குப் பஞ்சம் இல்லையே. தவிலுக்கு நம் ஊர்ப் பூவரசங்குச்சி இருக்கும்போது டிரம்ஸுக்கு மட்டும் ஏன் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும் என்று ஒரு வேகத்தில், தெரிந்த கடைசல் பட்டறை அண்ணனிடம் என் பழைய 5ஏ-யை மாதிரிக்குக் கொடுத்து ஆறு குச்சி கடையச் சொன்னேன். அழகாக வந்தது, நல்ல சிவப்பு, கையில் கனமும் நம்பும்படி இருந்தது. முதல் குச்சி இரண்டாவது பாட்டில் சாய்வாக உடைந்து பாடகர் காலடியில் விழுந்தது. இரண்டாவது அடுத்த நாள். அப்புறம்தான் உடைந்த இடத்தை உட்கார்ந்து பார்த்தேன். மரம் கெட்டியான மரம்தான், ஆனால் நேராக வளராத மரம்; ரேகை குச்சியின் ஓரத்திலேயே ஏறி இறங்கி வெளியே ஓடிவிடுகிறது, அந்த இடத்தில் எந்த மரமும் நிற்காது. நல்ல கம்பெனிக் குச்சியில் ரேகை அடியிலிருந்து நுனிவரை கோடு போட்ட மாதிரி ஓடும், காசு கொடுப்பது அதற்குத்தான். மிச்சம் நான்கில் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது, அம்மா கருவாடு காயப்போட்டால் காக்கா விரட்ட.

நுனி விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. 5ஏ-யா 5பி-யா என்று ஒரு மணிநேரம் சண்டை போடுகிறவர்கள் நுனி மரமா நைலானா என்று பார்க்காமலே வாங்கிவிடுகிறார்கள். நைலான் நுனியை 1958-இல் ஜோ கலாட்டோ என்பவர் கொண்டுவந்தார், மர நுனி சீக்கிரம் நைந்துபோகிறதே என்ற எரிச்சலில். ரைடில் நைலான் பளிச்சென்று கூர்மையாகக் கேட்கும், மரம் கொஞ்சம் கதகதப்பாக. டிரம் தோலில் வித்தியாசம் குறைவு. திறந்தவெளியில் ரைடு காற்றில் கரையாமல் நிற்க நைலான் நல்லது, எதிரொலிக்கிற கோயிலில் அதே நைலான் காதைக் குத்தும். நுனியின் வடிவமும் உண்டு: சின்ன உருண்டை என்றால் சிம்பலில் தெளிவு, பீப்பாய் மாதிரி தட்டையாக இருந்தால் சத்தம் அதிகம், நீர்த்துளி வடிவம் சாய்த்துப் பிடித்தால் ஒரு மாதிரி, நிமிர்த்திப் பிடித்தால் ஒரு மாதிரி. முதல் ஜோடி வாங்குகிறவர் இதில் மூழ்க வேண்டாம்.

ஆக்டோபேடும் மின்னணு கிட்டும் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். மர நுனி கொஞ்சம் சில்லு தெறித்துவிட்டாலும் அது வலைத் தோலைக் கிழிக்கும், ரப்பரைச் சுரண்டும். கிட்டில் அடித்து நைந்த பழைய குச்சியை ஆக்டோபேடுக்கு ஒதுக்குவதுதான் எல்லோர் வழக்கமும், அது தலைகீழ் வழக்கம். பேடுக்குத்தான் வழவழப்பான குச்சி வேண்டும். உலோகக் குச்சி பக்கமே போகாதீர்கள்.

குச்சிக்குக் கழுத்தும் உண்டு, தண்டு முடிகிற இடத்திலிருந்து நுனி நோக்கி மெலிந்து வருகிற பகுதி. நீளமாக மெலிந்தால் முன்பக்கம் லேசாகி நன்றாகத் துள்ளும், சீக்கிரம் உடையும். குட்டையாக மெலிந்தால் முன்பாரம், அடி கனமாக விழும். ஒரே 5ஏ எண்ணில் இரண்டு விதமும் கிடைக்கும், அதனால்தான் ஒரே எண் ஒரு கையில் இனிக்கும், இன்னொரு கையில் கசக்கும்.

பூசைக்கு வாசிப்பவர்களுக்கு இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று உண்டு, ராட்ஸ். மெல்லிய மரக்கம்பிகள் பலவற்றை ஒன்றாகக் கட்டின கட்டு. சாதாரணக் குச்சி மாதிரியே பிடித்து அதே தாளத்தை அடிக்கலாம், சத்தம் பாதியாகிவிடும். நான் 7ஏ-யோடு மல்லுக்கட்டிய காலம் எல்லாம் வீண், ராட்ஸ் வந்த பிறகுதான் ஃபாதரும் நானும் சமாதானம். துள்ளல் குறைவு என்பதால் முதல் இரண்டு வாரம் கை பிசகும், உருட்டு வாசிப்பு மழுங்கும். கம்பிகள் ஒவ்வொன்றாக உடைந்து உதிரும், ரிம்ஷாட் போட்டால் அன்றே முடிந்தது. விசிறி மாதிரி இழைகள் விரிந்த பிரஷ் இன்னும் மெது, ஆனால் அதற்குத் தனியாகக் கை பழக வேண்டும். அத்தோடு நம் கடற்கரையில் கம்பி பிரஷ் என்பது காசைக் கடலில் போடுகிற வேலை. பாம்பன் உப்புக்காற்று பாலத்தையே விடாது, பிரஷ் கம்பியை விடுமா? பிளாஸ்டிக் இழை வைத்த பிரஷ் வாங்குங்கள், சத்தம் அவ்வளவு மெல்லிசாக இருக்காது, துருவும் பிடிக்காது.

உப்புக்காற்று மரத்தையும் விடுவதில்லை. ஈரத்தை இழுத்துக்கொண்டு குச்சி லேசாகக் கோணும், கனமும் மாறும். பைக் டேங்க் கவரில் வெயிலில் ஒரு நாள், ராத்திரி பனியில் ஒரு நாள் என்று கிடந்தால் ஒரு மாதத்தில் வில்லாகிவிடும். துணிப்பையில் போட்டு வீட்டுக்குள் படுக்கையாக வைத்தால் போதும். வியர்வைக்கு இன்னொரு தலைவலி, பளபளவென்று வார்னிஷ் அடித்த குச்சி வழுக்கும். பிடிக்கிற இடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாள் போட்டு ரெண்டு தேய் தேய்த்தால் சரியாகிவிடும். சைக்கிள் டியூபை வெட்டி மாட்டுகிறார்கள் சிலர், நானும் மாட்டிப் பார்த்தேன். வழுக்காது, ஆனால் பின்பாரம் ஏறி, குச்சி முன்னால் விழ மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

வாங்குவது எங்கே என்றால், நமக்கு மதுரைதான், இல்லையென்றால் ஆன்லைன். (ஆன்லைனில் வெறுமனே டிரம்ஸ்டிக் என்று போட்டால் முருங்கை விதையும் வரும், கவனம்.) கடைக்கு நேரில் போனால் வெட்கப்படாமல் மூன்று சோதனை செய்யுங்கள். கண்ணாடி மேசைமேல் உருட்டுங்கள், கோணல் இருந்தால் நுனி ஆடிக்கொண்டே உருளும். ரேகையைப் பாருங்கள், நேராக ஓட வேண்டும், ஓரத்தில் வெளியேறினால் என் சீமைக்கருவேலம் கதைதான். அப்புறம் இரண்டு குச்சியையும் லேசாகப் பிடித்து மேசை விளிம்பில் தட்டிக் கேளுங்கள். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்து கேட்டால் எடையோ மரமோ ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம், ஸ்னேரிலும் இடது வலது வேறு வேறாகக் கேட்கும். பெரிய கம்பெனிகள் எடையும் சுருதியும் பார்த்து ஜோடி சேர்த்துத்தான் அனுப்பும், விக் ஃபர்த் அப்படித்தான். கம்பெனியைத் தொடங்கிய விக் ஃபர்த் பாஸ்டன் சிம்பொனியில் டிம்பனி என்ற பெரிய கிண்ண டிரம் வாசித்தவர், கடைக் குச்சி பிடிக்காமல் தானே செய்ய ஆரம்பித்தவர். மலிவுக் குச்சியில் அந்த ஜோடிப் பொருத்தம் கிடையாது, ஆனால் கடையில் பத்து ஜோடியைக் கொட்டி நீங்களே பொருத்திக்கொள்ளலாம். நான் பயிற்சிக்கு அப்படித்தான் வாங்குகிறேன். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பிரபலமான டிரம்மர் பெயர் போட்ட குச்சிகளைப் பற்றியும் கேட்பார்கள். அது அவர் கைக்கும் அவர் மேடைக்கும் அவர் சவுண்ட் இன்ஜினியருக்கும் ஏற்ற குச்சி. தங்கச்சிமடத்துக் காற்றில் இரண்டு மைக்கோடு அவரை உட்கார வைத்தால் அவரும் வேறு குச்சிதான் கேட்பார்.

இப்போது என் பையில் இருப்பது: ஹிக்கரி 5ஏ மர நுனி இரண்டு ஜோடி, மேடைக்கு 5பி நைலான் நுனி இரண்டு ஜோடி, பூசைக்கு ராட்ஸ் ஒன்று. 7ஏ இப்போது என்னிடம் இல்லை, அக்கா மகன் எடுத்துக்கொண்டான். ஒரே ஜோடிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 5ஏ ஹிக்கரி, மர நுனி, யோசிக்கவே வேண்டாம். இரண்டாவது ஜோடிக்குக் காசு வரும்போது, நீங்கள் அதிகம் வாசிப்பது பூசை என்றால் ராட்ஸ், மேடை என்றால் 5பி. அதுவும் மேடைக்கு என்றால் ஒன்றோடு போகாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, தேர் சுற்றி வந்து கூட்டம் முழுக்க மேடை முன்னால் திரண்டிருக்கும்போதுதான் குச்சி உடையும், மதுரைக் கடை அங்கிருந்து நூற்று அறுபது கிலோமீட்டர்.